ஏழுமலை சொல்லாத ஒரு வாக்கியம்

என் ஏழுமலை மச்சானுக்கு,

உன் கடைசி வருமான வரிக் கணக்கில் என் தங்கை கௌரி கையெழுத்துப் போட்டால் போதும். இறந்துபோனவருக்காக வாரிசு கையெழுத்திடலாம். இதைச் சொன்னவர் வரி அலுவலகத்து விசாரணை மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குச் சொன்னார். படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த குறிப்பையும் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன். கடைசி நாள் ஜூன் முப்பது.

கௌரி கையெழுத்துப் போட மறுக்கிறாள். காரணம் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்பு உன் பெயரில் நான் எழுதிய ஒரு வாக்கியம். அதனால்தான் உன் தம்பி கோதண்டம் வீட்டைவிட்டுப் போனான். வாழ வந்தவள் அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்று ஊர் என் தங்கையைப் பேசியது. நீயும் நானும் வாயைத் திறக்கவில்லை. நீ ஜனவரியில் போய்விட்டாய். திறக்க மீதி இருப்பது என் வாய் மட்டும்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்குச் சொல்கிறேன். ஆனால் இது நான் வேலை செய்யும் பத்திரிகையில் வந்து நாலு பேர் படிக்க வேண்டும் என்று கோதண்டம் கேட்டிருக்கிறான். அதனால் முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் உன் தொழிற்சாலையில் ஆர்டர் குவிந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட லேத்தில் நின்று ஓ.டி. பார்த்தாய். மண்ணூரில் கம்பெனிச் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்ட முதல் ஆள் நீதான் என்று நீயே சொல்லிக்கொண்டாய். அதை நான் விசாரித்து உறுதி செய்யவில்லை. "கவர்மெண்டுக்கு நம்ம பேரு தெரிஞ்சிபோச்சி மச்சான்!" என்று சைக்கிளை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரி கட்டுகிறவனுக்கு அத்தனை சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

படிவத்தை உன் கம்பெனி டைம் ஆபீஸ் கிளார்க்கை வைத்து எழுதினாய். அதில் ஒரு கட்டம் இருக்கிறது. கணக்குக் கொடுப்பவர் தனிநபரா, பிரிவுபடாத இந்துக் குடும்பமா என்று கேட்கும். கிளார்க் அதைத் தமிழில் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிரிவுபடாத குடும்பம் என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாய். அதோடு நிற்காமல், வேறொரு கம்பெனியில் ஹெல்பராக இருந்த கோதண்டத்தின் சம்பளத்தையும் உன் சம்பளத்தோடு சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறாய்.

இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு நிறக் கவர் வந்தது. இரண்டு பேருடைய சம்பளம் ஒரே கணக்கில் ஏன் வந்தது, பதினைந்து நாளில் விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கவரை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என் வீட்டுக்கு வந்தாய். படித்துவிட்டு நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றாய்.

"தம்பி சம்பளத்த நீ ஏன்டா காட்டுன?"

"கேட்டான், காட்டுனேன். உள்ளத சொல்றதுக்குத்தான ஃபாரம் குடுத்துகீறான்?"

"சம்பளம் அவனுதுடா."

"எவனுது? ஏழாந்தேதி ஆனா அவன் கவர பிரிக்காம கொண்டாந்து சாமி படத்துக்குக் கீழ வெக்கறான். பக்கத்துலயே என்னுதும் கீது. உன் தங்கச்சிதான் எடுத்து செலவு பண்றா. எது யாருதுன்னு அவளக் கேளு. அவளுக்கே தெரியாது."

பிரிவுபடாத குடும்பம் என்பதற்குச் சட்டத்தில் வேறு பொருள், அது குடும்பத்துச் சொத்திலிருந்து வருகிற வருமானத்துக்கு, ஒருவன் உழைத்து வாங்குகிற சம்பளம் அவனவன் கணக்கு என்று பொறுமையாகச் சொன்னேன். நீ கவனமாகக் கேட்டாய். பிறகு, "சட்டம் எழுதனவன் வூட்ல தம்பின்னு யாரும் இல்லியா?" என்றாய். அதற்கும் நான் சிரித்தேன்.

விளக்கக் கடிதத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று மணிக்கு நான் பட்டணத்தில் என் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தம்பி சம்பளத்தைத் தெரியாமல் சேர்த்துவிட்டேன், என் சம்பளத்தை மட்டும் தனிநபர் கணக்காக எடுத்துக்கொள்ளவும் என்று எழுதினால் போதும். எழுதினேன். அதிகாரி மேலும் ஏதாவது கேட்டு உன்னை அலைக்கழிப்பாரோ என்று தோன்றியது. தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தேன். தமிழில் சொன்னால் இதுதான்: "என் தம்பி கோதண்டம் குடும்பத்தை விட்டுப் பிரிந்து தனியாக வாழ்கிறார், அவருக்கும் எனக்கும் வரவு செலவில் எந்தத் தொடர்பும் இல்லை."

அது பொய். நீ சொல்லாத பொய். முந்தின நாள்கூட அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து கௌரி கையால் சாப்பிட்டிருக்கிறான். ஒரு விபத்துச் செய்தியில் லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை மூன்று பேரிடம் கேட்காமல் எழுதாதவன் நான். பெயருக்கு முன்னால் இனிஷியல் தவறிப்போனால் மறுநாள் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பவன். உன் விஷயத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்த உன்னிடம்கூடக் கேட்கவில்லை.

"இன்னா எழுதிக்கீற?" என்று நீ கேட்டாய்.

"சம்பளம் தனித்தனின்னு" என்றேன்.

நீ சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக உன் பெயரைத் தமிழில் போட்டாய். நான் ஓடிப்போய் பஸ் பிடித்தேன். செம்பரம்பாக்கம் தாண்டும்போது தபால் தலை ஒட்டினேன்.

அதிகாரி நல்லவர் போலிருக்கிறது. உடனே ஒத்துக்கொண்டு பதில் போட்டார். நான் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதி, இது கவனிக்கப்பட்டது என்று முடித்திருந்தார். தபால்காரர் வந்த நேரத்தில் நீ ஷிப்டில் இருந்தாய். வீட்டிலிருந்த கோதண்டம் வாங்கினான். பழுப்புக் கவரென்றால் அண்ணனுக்கு என்ன ஆபத்தோ என்று பயந்து, அதைச் சாலை முனையிலுள்ள சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், ஆங்கிலம் படிப்பார். அவர் உரக்கப் படித்து, தமிழில் பொருள் சொல்லியிருக்கிறார். காற்றடிக்க வந்தவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் என்று பத்துப் பேர் இருந்தார்கள்.

"இன்னாடா கோதண்டம், தனிக்குடித்தனமா? மொதல்ல ஒரு பொண்ணப் பாருடா!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இது சைக்கிள் கடைக்காரரே பிறகு என்னிடம் சொன்னது. கோதண்டமும் சிரித்தானாம். சிரித்துக்கொண்டே கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம்.

அன்று சாயங்காலம் நீ வந்து கிணற்றடியில் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அவன் கடிதத்தை நீட்டினான். இது கௌரி பார்த்தது.

"அண்ணா, நான் பிரிஞ்சிட்டனா?"

நீ கடிதத்தை வாங்கிப் பார்த்தாய். உனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அவன் பொருள் சொன்னான். நீ நெடுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "கையெழுத்து என்னுதுதான்" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த ஏழாம் தேதி சாமி படத்தின் கீழே ஒரு கவர்தான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நான் வந்தேன். நீ என்னைச் சாலைவரை நடத்திக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாய். நான் உடனே போய் அவனிடம் சொல்கிறேன் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வாணாம் மச்சான். நீயா சேத்து எழுதுனன்னு தெரிஞ்சா அவன் உன் மேல பாய்வான். நடுவுல உன் தங்கச்சிதான் கெடந்து நசுங்குவா. அவகிட்டயும் சொல்லாத. கோவக்காரப் பையன், நாலு நாள்ல சரியாய்டுவான்."

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டா, என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா? நாலு நாள் என்றாய். நாலாவது மாதம் அவன் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய கல்யாணப் பத்திரிகை உனக்குத் தபாலில் வந்தது. அண்ணனாக முன்னால் நின்று பெண் கேட்டிருக்க வேண்டிய நீ, கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாய். பந்தியில் நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பாயசம் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

ஊர் சும்மா இருக்குமா? கௌரி காதில் விழும்படியே பேசினார்கள். நீ கேட்டும் கேட்காதவன்போல் இருந்தாய் என்று நினைக்கிறேன். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டிருந்தால் எப்படித் தாங்கினாய்?

நீ போன அன்று கோதண்டம் வந்தான். வாய்க்கரிசி போட்டான். உன் தொழிற்சாலை ஆட்களோடு ஓரமாக நின்றான். அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. காரியத்துக்கு வரவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விசாரணை மேசை அம்மாள் உன் பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தி, "தம்பி பிரிஞ்சிட்டதா ஒரு லெட்டர் இருக்கே சார், இது யார் எழுதினது?" என்றார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஓட்டத்தில் எழுதியதால் சாய்ந்து கிடந்தது. அடியில் உன் பெயர் நேராக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"நான்தாம்மா" என்றேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை காலை படிவத்தோடு மண்ணூருக்குப் போனேன். கௌரி உன் மகள் செல்வியின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பேனாவை நீட்டினேன்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

"படிச்சி காட்டு."

"இன்னாம்மா கீது இதுல? அவரு சம்பளம், புடிச்ச வரி, அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா படிக்கிறதுக்கு இன்னா கஷ்டம் உனுக்கு?"

படித்தேன். ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொன்னேன். இல்லை என்று எழுதிய கட்டங்களைக்கூட விடாமல் கேட்டாள். முடித்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கும் இப்டி அவருக்குப் படிச்சி காட்டுனியாண்ணா?"

மச்சான், உன் தங்கமான மனைவியிடம் நான் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் என்னுடையது, நீ சொல்லவில்லை, உனக்கு அது தெரியவே தெரியாது என்றேன்.

அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன்னைப் பற்றித்தான் பேசினாள்.

"அப்போ அவரு சொல்லலயா? ஆறு வருசமா அவரு சொல்லித்தான் நீ எழுதுனன்னு இருந்தேண்ணா. கூடப் பொறந்தவன வெட்டி வுட்ட மனுசன் நாளைக்கு என்ன வுடமாட்டாரான்னு பாத்துகினு இருந்தேன். சோறு போட்டேன், துணி தொவச்சேன், ஒரு நாள் கூட மனசார சிரிக்கல அவர்கிட்ட. இப்ப வந்து சொல்றியே."

எங்கள் சண்டைக்கு நடுவில் அவள் நசுங்கக் கூடாது என்று நாம் மறைத்தோமே, அது அவளிடமிருந்து உன்னையே எடுத்துக்கொண்டுவிட்டது. இது உனக்குத் தெரிந்திருந்ததா? ஏன் இவள் சிரிப்பதில்லை என்று ஒருநாளாவது யோசித்தாயா?

அவள் இன்னொன்றும் கேட்டாள். "நான் தனியா குடித்தனம் பண்ணணும்னு உனுக்கு ஆசயாண்ணா? அதான் எழுதுனியா?" அவசரத்தில் எழுதினேன் என்றேன். அது உண்மை. அது மட்டும்தான் உண்மையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தங்கை இரண்டு பேருக்கு வடித்துக் கொட்டுகிறாளே என்று நான் முன்பு ஒருமுறை நினைத்ததுண்டு. பேனா ஓடியபோது அந்த நினைப்பும் கையில் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை.

"போய் அவன்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வா, போடறேன்" என்று படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மறைமலை நகர் போனேன். மூன்றரை மணிக்கு முதல் ஷிப்ட் விட்டது. கோதண்டம் டிபன் பாக்ஸோடு கேட்டைத் தாண்டி வந்தான். நெற்றி ஏறிவிட்டது. நடை உன் நடை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா மாமா, இவ்ளோ தூரம்? அண்ணிக்கு ஒடம்பு கிடம்பு..."

அந்தக் கேள்வியை உனக்காகவே குறித்துக்கொண்டேன். ஆறு வருடம் பேசாதவன் முதலில் கேட்டது அதுதான்.

கேட்டுக்கு எதிரே மர நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் பஸ் வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஏன் மாமா சொல்லல?"

"நீ என்கூட சண்டைக்கு வருவ, உன் அண்ணி நடுவுல மாட்டிக்குவான்னு பயந்தான்பா."

"உன்ன காப்பாத்தணும், அண்ணிய காப்பாத்தணும். நான் இன்னா மாமா பண்ணேன்? என்ன தனியா கூப்ட்டு, டேய், நான் சொல்லலடான்னு ஒரு வார்த்த. நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பனா?"

மச்சான், இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அவன் காயம் ஆறும் என்று நினைத்துப் போனேன். பழைய காயத்தை மூடினேனா, புதிதாக ஒன்றைக் கீறினேனா? அண்ணன் தன்னை வெட்டிவிட்டான் என்று இருந்தவனுக்கு, அண்ணன் தன்னை நம்பவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் கையை ஆட்டித் தடுத்தான்.

"இங்க யாரும் இல்லாத எடத்துல சொல்லிட்டுப் போறது ஈஸி மாமா. அன்னிக்கு பத்து பேரு எதிர்ல படிச்சாங்க. நீ பேப்பர்லதான எழுதற? அதுல எழுது. அண்ணி ஒண்ணும் பண்ணலன்னு எழுது. நானும் ஆறு வருசமா அவங்கள தப்பா நெனச்சிட்டேன்னு அதயும் சேத்து எழுது."

"எழுதறேன். எழுதுனா வூட்டுக்கு வருவியாப்பா?"

"படிச்சிட்டு சொல்றேன்" என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். நகர்ந்த பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "செல்வி எத்தினியாவது படிக்கிறா?" என்று கேட்டான். ஆறாவது என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அதனால் இது திருத்தம். மண்ணூர் ஏழுமலை தன் தம்பி கோதண்டத்தைக் குடும்பத்திலிருந்து பிரிக்கவில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை. அவர் மனைவி கௌரிக்கு அந்தக் கடிதத்தில் எந்தப் பங்கும் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவருக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை. இதையே தனியாக எழுதி உன் கோப்பில் சேர்க்கச் சொல்லி வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கொடுத்தேன். மேசை அம்மாள் வாங்கி முத்திரை குத்தினார். கணக்குக்கு இது தேவையில்லை, ஆனால் அதிகாரி அனுமதித்தால் கோப்பில் இருக்கும் என்றார். அதிகாரி ஊரில் இல்லை. திங்கட்கிழமை வருகிறார்.

கோதண்டம் கேட்டதைக் கௌரியிடம் சொன்னேன்; அவளும் இதை அச்சில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போடும் முன் மறுபடியும் படித்துக் காட்டச் சொன்னாலும் காட்டுவேன்.

கோதண்டம் வீட்டுப் படி ஏறுவானா என்பது உறுதியாகவில்லை. அவனுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வருவதானால் அன்றுதான் வருவான். வராவிட்டால் அதற்கு மறுநாள் மூன்றரை மணிக்கு நான் அவன் கேட்டுக்கு எதிரே நிற்பேன், அதற்கடுத்த வாரமும் நிற்பேன். உனக்காக அவனிடம் சமாதானம் பேச மாட்டேன் மச்சான். நீ சொல்லாத எதையும் உன் பெயரில் இனி நான் சொல்வதில்லை. அவன் என்ன கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், நின்று கேட்டுக்கொள்வேன்.

உன் மச்சான்,
கௌரிக்கு அண்ணன், செல்விக்குத் தாய்மாமன்,
தணிகாசலம்